வேலூர்ப் பகுதியிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வருவோருக்கு: குடியிருப்பு அனுமதி பெறும் முறை

ஜெர்மனியில் வேலை கிடைத்துப் புறப்படுவோர், தங்கள் சான்றிதழ்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, திருத்த வேண்டியவற்றை ஊரிலேயே திருத்திக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கு வந்து சேர்ந்தபின் ஒரு பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதற்காக வயதான பெற்றோரை நகராட்சி அலுவலகத்துக்கு அலைய வைப்பது வேதனையான காரியம்.

நம் பகுதியினருக்கு முதல் சிக்கல் பிறந்த இடத்தில் வருகிறது. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது; வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஆகவே ஆம்பூரில் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு என்றும், பாஸ்போர்ட்டில் வேலூர் என்றும், ஆதாரில் திருப்பத்தூர் என்றும் இருக்கக்கூடும். மாவட்டப் பெயர் மட்டும் மாறியிருந்தால், பிரிவினை நடந்த ஆண்டுகளைக் குறிப்பிட்டு ஒரு பக்க விளக்கக் கடிதத்தை விண்ணப்பத்துடன் இணையுங்கள். பெயர் வேறுபாடு இதைவிடக் கடினமானது. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியலுடனும், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டும் இருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஜெர்மானியப் படிவங்களில் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருப்பதால், பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பட்டத்தின் அங்கீகாரம். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனி தரும் மதிப்பைக் காட்டும் அனாபின் என்னும் இணையத் தரவுத்தளத்தில் தேட வேண்டியது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரையே. வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்தவருக்கு, திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கப்படுவதற்கு முன் முடித்திருந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்ற குறியீடும், படித்த பட்டத்துக்கு உரிய மதிப்பீடும் இருந்தால் அப்பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் பான் நகரில் உள்ள, வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் மத்திய அலுவலகத்திடம் 208 யூரோ செலுத்தி ஒப்பீட்டுச் சான்று பெற வேண்டும். செவிலியருக்கு இது போதாது. அத்தொழிலுக்கு அரசு அங்கீகாரம் கட்டாயம் என்பதால், வேலை செய்யவிருக்கும் மாநிலத்தின் அதிகார அமைப்பு அவர்களுடைய படிப்பை ஆராய்ந்து, குறையிருப்பின் தழுவல் பயிற்சியோ அறிவுத் தேர்வோ விதிக்கும். முழு அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் பி2 நிலை ஜெர்மன் மொழி கேட்கப்படுகிறது (மொழியறிவின் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2 என மேலே செல்லும்). வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனுபவம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இந்தப் படியைத் தாண்ட வழியில்லை. எந்த முகவர் கேட்டாலும் மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள்.

பொறியாளர், மென்பொருள் வல்லுநர் போன்றோர் பட்டதாரிகளுக்கான குடியிருப்பு அனுமதியான ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025-இல் 48,300 யூரோவாக இருந்தது. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் அவ்வாண்டில் 43,759.80 யூரோ. இத்தொகை ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படுகிறது.

சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகம் வழங்கும் தேசிய விசா (நீண்டகாலம் தங்குவதற்கான விசா), வந்து இறங்குவதற்கும் வேலையைத் தொடங்குவதற்கும் உரியது. வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள், வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிப் படிவத்துடன் சென்று முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வரி எண் தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்படாவிட்டால் அது திரும்பிப் போய்விடலாம். பதிவு முடிந்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு உடனே விண்ணப்பியுங்கள். பல நகரங்களில் சந்திப்பு நேரம் கிடைக்கவே மாதங்கள் ஆகின்றன. விசா முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை உங்கள் உரிமை தொடரும்; அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ப்ளூ கார்டு பெற்றவர் முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஓய்வூதியப் பங்களிப்பு உள்ளிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால், ஏ1 நிலை மொழியறிவுடன் 27 மாதங்களிலும், பி1 இருந்தால் 21 மாதங்களிலும் நிரந்தர அனுமதி கோரலாம். ஆகவே வேலூரில் இருக்கும்போதே மொழி வகுப்பைத் தொடங்கிவிடுங்கள். மனைவியையோ கணவரையோ பின்னர் அழைத்துக்கொள்ள எண்ணுவோர், திருமணம் கோயிலில் நடந்திருந்தாலும் மண்டபத்தில் நடந்திருந்தாலும், புறப்படும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்து சான்றிதழைப் பெற்று வாருங்கள்.