விக்கியில் மருத்துவம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் உடல்நலம் பற்றித் தமிழில் எழுதப்பட வேண்டியது ஏராளம். நிலத்தடி நீரில் மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, வயல்வெளிப் பாம்புக்கடி, மலைக்கிராமங்களின் மகப்பேறு என்று பட்டியல் நீளும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இவற்றை எழுதத் தகுந்த செவிலியர்களும் மருந்தாளுநர்களும் ஆசிரியர்களும் மருத்துவ மாணவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவின் கதவும் திறந்தே கிடக்கிறது. ஆனால் அங்கே குறும்புக்காக யாரோ கிறுக்கியதை மற்ற பயனர்கள் விரைவில் கண்டு நீக்கிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தோடு, நல்ல தமிழில், பிழையாக எழுதப்பட்ட வரிதான் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது.

அத்தகைய பிழைகளில் முதன்மையானது, தமக்குத் தெரிந்ததை மேற்கோள் இல்லாமல், அதாவது எந்த நூலில் அல்லது அறிக்கையில் உள்ளது என்று குறிப்பிடாமல், எழுதிவிடுவது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புவோர் நம் ஊர்களில் உண்டு. படித்தவர்களும் அதைச் சொல்வார்கள். காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் அந்த நம்பிக்கையை அக்கறையோடு கட்டுரையில் சேர்த்துவிட்டால், அதைப் படித்துவிட்டு ஒரு தாய் தன் வீட்டு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார். எழுதியவரின் அனுபவமோ பட்டமோ விக்கியில் சான்றாகாது. படிப்பவர் தாமே சென்று சரிபார்க்கக்கூடிய நூலோ அறிக்கையோதான் சான்றாகும். அனுபவம் மிகுந்த மருத்துவருக்கும் இதே விதிதான். அது அவர்களுக்குச் சற்று எரிச்சலூட்டுவதும் இயல்பே.

மேற்கோள் கொடுத்தாலும் அதை அரைகுறையாகப் படிக்கும் தவறு மிஞ்சும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்று ஒருவர் எழுதுகிறார், மற்றொருவர் அதை 1.5 என்று திருத்துகிறார், முதலாமவர் மீண்டும் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சொல்வது ஒரே இந்தியத் தர நிர்ணயத்தில், ஐ.எஸ். 10500-இல் இருக்கிறது. 1.0 என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5-தான். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய நிபந்தனையை விட்டுவிடுவதால்தான் இத்தகைய சண்டை மூள்கிறது.

மேற்கோளின் தரமும் பார்க்க வேண்டியதே. எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியைக் கொண்டு ‘இந்தக் கீரை சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரைகள், அரசின் சிகிச்சை வழிகாட்டு நெறிகள், பாடநூல்கள் ஆகியவற்றையே மருத்துவச் செய்திக்கு நாட வேண்டும். விக்கியிலிருந்து எடுத்து எழுதிய செய்தித்தாளையே பிறகு விக்கிக்குச் சான்றாகக் காட்டும் வேடிக்கையும் நடக்கிறது.

ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்குவோர் நாட்டை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வாசகருக்காக எழுதப்பட்ட பாம்புக்கடிக் கட்டுரையில் கிலுகிலுப்பை விரியன் வரும். அரூர்க் கரும்புத் தோட்டத்தில் அது கிடையாது. நம் அரசு மருத்துவமனைகளில் போடப்படும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. தமிழ்க் கட்டுரையில் முதலில் வர வேண்டியவை இவையும் 108 எண்ணும், கயிறு கட்டாதே, கீறாதே என்ற எச்சரிக்கையும்தான். அளவைக் குறிகளிலும் இதே கவனம் தேவை. மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று எழுதினால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் நீரில் அரை டீஸ்பூன் உப்பு என்பது டேபிள்ஸ்பூனாக மாறினால், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அதுவே ஆபத்து. மருந்துகளை எத்தனை வேளை, எவ்வளவு சாப்பிடுவது என்பதை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும். கலைக்களஞ்சியம் மருந்துச் சீட்டு எழுதும் இடமல்ல.

நோயாளிகளின் அந்தரங்கம் பற்றிய அலட்சியம், என் பார்வையில், பிழையான தகவலை விடவும் கொடியது. தகவலைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. பெயரைச் சொல்லவில்லையே என்று பலர் எண்ணுகிறார்கள். பென்னாகரம் பக்கத்தில் இருநூறு வீடுகள் உள்ள ஓர் ஊரில், முதுகெலும்பு வளைந்த ஒரு முதியவரின் தொழிலையும் வயதையும் எழுதினாலே ஊர் முழுக்க அவரை அடையாளம் கண்டுகொள்ளும். கறை படிந்த பற்களைக் காட்ட ஒரு சிறுமியின் முழு முகத்தையும் படமெடுத்து, விக்கிக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவோரும் உண்டு. கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட படத்தின் உரிமத்தைப் பிறகு திரும்பப் பெற இயலாது. அதை யாரும் எங்கும் பயன்படுத்தலாம். அவளுக்குத் திருமணம் பேசும் காலத்திலும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். பற்கள் மட்டும் தெரியும்படி எடுத்து, பெற்றோரிடம் இதை விளக்கி எழுத்தில் ஒப்புதல் பெற்ற பின்பே ஏற்ற வேண்டும்.

பாடநூலிலிருந்தோ மருத்துவமனை வெளியீட்டிலிருந்தோ பத்தி பத்தியாகப் படியெடுப்பது பதிப்புரிமை மீறல். தாம் வேலை பார்க்கும் மருத்துவமனையைப் புகழ்ந்து எழுதுவதும், தாம் விற்கும் சூரணத்துக்குக் கட்டுரை தொடங்குவதும் விளம்பரம். இவற்றுக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எழுதிச் சேமித்ததோடு வேலை முடிந்தது என்று போய்விடுவது கடைசித் தவறு. வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. அந்தப் பழைய வகைத் தடுப்பூசியை இந்தியா 2004-இலேயே நிறுத்திவிட்டது. இப்போது ஊசி கையில், சில தவணைகளில் முடிந்துவிடும். பழைய பயத்தால் ஊசிக்கே போகாமலிருப்பவருக்குப் பழைய கட்டுரை துணைபோகக் கூடாது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. அதற்கு முன் எழுதிய பக்கங்களில் அந்த வரி இருக்காது. தாம் எழுதிய பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், யார் எதை மாற்றினாலும் தெரியவரும். மாற்றம் பிழையென்று பட்டால் உடனே அழித்துப் பழையதைக் கொண்டுவராமல், அந்தக் கட்டுரைக்கான பேச்சுப் பக்கத்தில் மேற்கோளை முன்வைத்துக் காரணம் கேட்கலாம். அங்கும் தீராவிட்டால், மற்ற பயனர்களின் கருத்தைக் கேட்கத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘ஆலமரத்தடி’ என்றே ஒரு பொது இடம் இருக்கிறது.