மீட்டு வந்த குட்டி என்ன 'கிராஸ்'? இனத்தை ஊகிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையோரம் கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்து, சுத்தம் செய்து, அது வயிறு நிறைந்து தூங்க ஆரம்பித்ததும் வீட்டில் எழும் கேள்வி, "இது என்ன கிராஸ்?" பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. முடி கொஞ்சம் நீளமென்றால் பெர்சியன், சாம்பல் நிறமென்றால் ரஷ்யன் ப்ளூ, உடம்பில் புள்ளி இருந்தால் பெங்கால். பெரும்பாலும் இவை எதுவுமே இல்லை. அது நாட்டுப் பூனை, அவ்வளவுதான்.

கேள்வியிலேயே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. கலப்பு நாய் என்றால் எங்கோ ஒரு தலைமுறையில் ஒரு லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ இருந்திருக்கலாம் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. பூனைக்கும் அதே கணக்கைப் போடுகிறோம். பூனையிடம் மனிதன் எதிர்பார்த்ததெல்லாம் எலி பிடிப்பதுதான். அதற்காக யாரும் தனி இனம் வளர்க்கவில்லை. லண்டனில் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது 1871-இல். இன்று பெயர் சொல்லும் இனங்களில் மிகப் பல அதற்குப் பிறகு உருவாக்கப்பட்டவை. அதுவும் எதிலிருந்து? கார்னிஷ் ரெக்ஸ் 1950-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு சாதாரணப் பூனை ஈன்ற சுருள்முடிக் குட்டியிலிருந்து வந்தது. காது பின்னால் வளைந்த அமெரிக்கன் கர்ல், 1981-இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த தெருப் பூனையிலிருந்து. ஆக, பல அம்சங்கள் தெருவிலிருந்துதான் இனத்துக்குப் போயிருக்கின்றன. உங்கள் குட்டியிடம் அந்த அம்சம் இருப்பதால் அதன் தாத்தா விலையுயர்ந்த பூனை என்று ஆகிவிடாது.

நீள முடியை எடுத்துக்கொள்வோம். அது ஒடுங்கு பண்பு: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். குட்டை முடியுள்ள இரண்டு பூனைகளும் அந்த மரபணுவில் ஒரு பிரதியைச் சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நீள முடி வர நாலில் ஒரு வாய்ப்பு. சாம்பல் நிறமும் இப்படித்தான். கறுப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்யும் இன்னொரு ஒடுங்கு மரபணுவின் வேலை அது. நெற்றியில் 'எம்' எழுத்து போன்ற கோடு இருப்பதால் மெயின் கூன் என்பார்கள். வரியோ புள்ளியோ உள்ள டாபி பூனைகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கோடு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது சியாமிஸ் விஷயம்தான். வெளிர் உடம்பு, கறுத்த முகம், காது, பாதம், வால். இதற்குக் காரணம் நிறமியை உண்டாக்கும் நொதியில் உள்ள ஒரு குறை: சூடான இடத்தில் அது சரியாக வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். அதனால்தான் தாயின் கருப்பைக் கதகதப்பில் வளர்ந்த குட்டி கிட்டத்தட்ட வெள்ளையாகப் பிறந்து, பிறகு உடம்பின் குளிர்ந்த ஓரங்களில் மட்டும் கறுக்கிறது. அறுவை சிகிச்சைக்காக வயிற்றில் முடியை மழித்தால், அந்த இடத்தில் புதிதாக முளைக்கும் முடி சில நேரம் கறுத்தே வரும். இதுவும் ஒடுங்கு பண்பு என்பதால் பல தலைமுறைகள் வெளியே தெரியாமல் பயணம் செய்யும். அந்த மரபணு எங்கோ கலந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் 'பாதி சியாமிஸ்' என்று பின்னம் போட அது போதாது.

அடுத்தது, அவசரம். இளங்குட்டிகளுக்கெல்லாம் கண் நீலம்தான். ஆறேழு வாரத்தில்தான் நிஜ நிறம் எட்டிப் பார்க்கும். கறுப்புக் குட்டியின் மேல் மங்கலான வரிகள் தெரியும், வளர வளர மறையும். தாய்ப்பூனை கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சல் கண்டிருந்தால், குட்டி வெள்ளி பூசினாற்போல் பிறந்து, சில மாதங்களில் அந்த முடி உதிர்ந்து வேறு நிறத்துக்கு வந்துவிடும். 'சில்வர்' என்று பெயர் வைத்தவர்கள் பாவம்.

கூடப் பிறந்தவற்றைப் பார்த்துக் கணிப்பதும் உதவாது. ஒரே ஈற்றில் உள்ள குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பாக்கள் இருக்கலாம். அப்புறம், குணத்தை வைத்து ஊகிப்பது. ஓயாமல் கத்துகிறது, அதனால் சியாமிஸ்; தூக்கினால் துவண்டு தொங்குகிறது, அதனால் ராக்டால். பிடரியைப் பிடித்தால் எந்தக் குட்டியும் துவளும்.

சரி, டிஎன்ஏ பரிசோதனை? செய்யலாம், ஆனால் முடிவைப் படிக்கத் தெரிய வேண்டும். தங்களிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்றுதான் சொல்கிறார்கள். ஒரு இனத்தோடு கொஞ்சம் ஒத்துப்போவதற்கு, இரண்டுக்கும் பொதுவான பழைய முன்னோர் இருந்ததே காரணமாக இருக்கலாம். சிலவற்றில் சேர்த்துத் தரப்படும் ரத்த வகையும் பரம்பரை நோய்க் குறிகளும்தான் என் பார்வையில் உருப்படியான பகுதி.

ஊகம் வெறும் விளையாட்டாக இருக்கும்வரை கெடுதல் இல்லை. 'பெர்சியன் கிராஸ் ஆச்சே, ஒரு தடவை குட்டி போடட்டும்' என்று கருத்தடையைத் தள்ளிப்போடும்போதுதான் வினை. பெண் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும்.

இனத்தை யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிறந்த குட்டியின் காது எப்படியும் மடங்கித்தான் இருக்கும், சுமார் மூன்று வாரத்தில் நிமிரும். அதற்குப் பிறகும் முன்பக்கமாக மடிந்தே இருந்தால் ஸ்காட்டிஷ் ஃபோல்டின் மரபணுவாக இருக்கலாம். அது காதோடு நிற்காமல் மூட்டுக் குருத்தெலும்பையும் பாதிக்கும். மருத்துவரிடம் அதைச் சொல்லி, வாலும் கால்களும் விறைப்பில்லாமல் வளைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றபடி மருத்துவ அட்டையில் 'நாட்டுப் பூனை' என்று எழுதி, முடியின் நீளம், நிறம், வரி அமைப்பு, பாலினம் ஆகியவற்றைக் குறித்தால் போதும். பாலினம் பிடிபடவில்லை என்றால் அதற்கு நிறம் உதவும்: கறுப்பும் ஆரஞ்சும் கலந்த குட்டி அநேகமாகப் பெண்தான். அப்படியொரு ஆண் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் அதற்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும்.