ஹார்னஸ் ரேஸில் டிரைவர் விதி மீறினால்: விசாரணை முதல் தண்டனை வரை

கிண்டியில் ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு ஹார்னஸ் ரேஸ் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். குதிரை முதுகில் யாரும் இல்லை. சல்க்கி என்ற இரண்டு சக்கர வண்டியில், குதிரையின் வாலுக்குப் பின்னால் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். நம் ரேக்ளா வண்டிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. டிராட் அல்லது பேஸ் என்ற நடையிலேயே கடைசிவரை போக வேண்டும். நடை தப்பினால் டிரைவர் உடனே இழுத்துப் பிடித்துச் சரிசெய்தாக வேண்டும். ஒரு சக்கரம் பின்னால் வரும் குதிரையின் முன்னங்காலில் தட்டினால் போதும், அந்தக் குதிரை நடை தப்பும், அதற்குப் பின்னால் வருபவை அதன்மேல் ஏறும். டிரைவர்களைக் கண்டிக்கும் விதிகள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே சொல்வது ஆஸ்திரேலிய நடைமுறை. ரேஸைக் கண்காணித்து விதிமீறலை விசாரிக்கும் ஸ்டூவர்டுகளின் அறையில் புதிதாக உட்காருபவர்களை மனதில் வைத்து எழுதியது. மேசைக்கு எதிர்ப்புறம் நிற்கும் டிரைவருக்கும் இதே வரிசை உதவும்.

முதலில் எந்த விதி என்று தெளிவாகுங்கள்

நாடு முழுவதற்கும் ஹார்னஸ் ரேசிங் ஆஸ்திரேலியா என்ற தேசிய அமைப்பின் ஒரே விதித்தொகுப்புதான். அதன்மேல் அந்தந்த மாநில அமைப்பின் உள்ளூர் விதிகள் உண்டு. ரேஸ் இரவில் அடிக்கடி கையிலெடுப்பவை நான்கைந்துதான். குறுக்கே போய் இடைஞ்சல் செய்வது விதி 163. சவுக்கு விதி 156. வெற்றிக்கோ முடிந்தவரை நல்ல இடத்துக்கோ குதிரைக்கு முழு வாய்ப்புத் தர நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தாக வேண்டும் என்பது 149(1). ஏற்கத்தகாத முறையில் ஓட்டக் கூடாது என்பது 149(2). விசாரணைக்கு வராமல் இருப்பது, பொய் சொல்வது 187-இல் வரும்.

149-இன் இரண்டு பிரிவுகளையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. முதல் பிரிவு குதிரையின் வாய்ப்பைப் பறித்த குற்றம். அது ஒரு டிரைவரின் பெயரையே கெடுத்துவிடும். இரண்டாவது, ஓட்டிய விதம் ஏற்கத்தக்க தரத்துக்குக் கீழே இருந்தது என்பது. முதலாவதை நிரூபிக்க முடியாது என்று தெரிந்தே சும்மா பயமுறுத்தச் சுமத்தாதீர்கள். மேல்முறையீட்டில் அது நிற்காது.

முடிவு உறுதியாகும் முன் ஒன்று, பிறகு இன்னொன்று

இடைஞ்சல் நடந்தால் இரண்டு கேள்விகள் எழும், இரண்டும் வேறு வேறு. முடிவை மாற்ற வேண்டுமா என்பது ஒன்று. டிரைவர் குற்றவாளியா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உடனே பதில் வேண்டும், ஏனென்றால் முடிவு உறுதி என்று சொல்லும் ‘ஆல் கிளியர்’ அறிவிக்கும்வரை பந்தயப் பணம் பட்டுவாடா ஆகாது. (கேலப் ரேஸ் மாதிரி எடை பார்ப்பது இங்கே இல்லை, அதனால் ‘கரெக்ட் வெயிட்’ என்ற பேச்சும் இல்லை.) அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இடைஞ்சல் இல்லாமலிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை, இடைஞ்சல் செய்த குதிரையை முந்தியிருக்குமா? டிரைவரின் தவறு எவ்வளவு என்பது இதில் வராது. தவறே இல்லாத டிரைவரின் குதிரை கீழே இறக்கப்படலாம். கடுமையாகத் தவறிய டிரைவரின் குதிரை அதே இடத்தில் நிற்கலாம். டிரைவர் மீதான விசாரணையை அடுத்த ரேஸுக்குப் பிறகு நிதானமாக எடுங்கள்.

அதற்குள் சேகரித்து வைக்க வேண்டியவை: எல்லாக் கோணத்து வீடியோ, பாதிக்கப்பட்ட டிரைவர்களின் வாக்குமூலம், குதிரையைப் பார்த்த கால்நடை மருத்துவரின் குறிப்பு, வண்டியும் சேணமும் இருந்த நிலை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டயர் காற்று இறங்கியிருந்ததா, ஹாப்பிள் எனும் கால் வார் அறுந்ததா, கடிவாள இரும்பு வாயில் நகர்ந்ததா என்பதை லாயத்துக்குப் போகும் முன்பே பார்த்தாக வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் போனால் எல்லாம் கழற்றிக் கழுவியாகியிருக்கும்.

வீடியோவைப் படிக்கும் முறை

எதிரே வைத்த கேமராவில் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதுபோல் தெரியும். தூர லென்ஸ் செய்யும் மாயம் அது. யார் எவ்வளவு பக்கவாட்டில் நகர்ந்தார் என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள். எவ்வளவு தாண்டியிருந்தார் என்பதற்குப் பக்கவாட்டுக் காட்சி வேண்டும். இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்தி, அடுத்தடுத்துப் பாருங்கள்.

‘குதிரை உள்ளே இழுத்துக்கொண்டு போச்சு’ என்பது தினமும் கேட்கும் பதில். சில நேரம் உண்மையும்கூட. அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எதிர்க் காட்சியில் குதிரையின் தலையைப் பாருங்கள். குதிரை தானாக உள்ளே சாய்ந்தால் டிரைவர் வெளிப்பக்க வாரை இழுத்துப் பிடித்திருப்பார். குதிரையின் தலை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், உடல் மட்டும் உள்ளே போகும். தலையும் உடலும் சேர்ந்து உள்ளே திரும்பியிருந்தால் டிரைவர்தான் திருப்பியிருக்கிறார். டிரைவரின் கையையும் பாருங்கள். மோதலுக்கு முன் வெளிப்பக்க முழங்கை பின்னால் வந்ததா, மோதிய பிறகுதான் வந்ததா? பிறகு வந்ததென்றால் அது அதிர்ச்சியில் பிடித்தது, தடுக்கப் பிடித்ததல்ல.

கேள்வி கேட்பது

பாதிக்கப்பட்டவரை முதலில் கேளுங்கள், அதுவும் வீடியோ போடும் முன். படம் பார்த்த பிறகு எல்லோரும் படத்தையே திருப்பிச் சொல்வார்கள். ‘அவர் உங்களை இடித்தாரா?’ என்று கேட்காதீர்கள். ‘400 மீட்டர் கம்பத்தருகே என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க விரும்புவதில்லை; ‘கொஞ்சம் நெருக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்’ என்றுதான் வரும். அப்போது தீர்ப்பைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள்: நீங்கள் வாரை இழுத்தீர்களா, உங்கள் குதிரை நடை தப்பியது எப்போது, சக்கரம் தொட்டதை உணர்ந்தீர்களா? அனுபவம் குறைந்தவர்களுக்கான சலுகை உரிமத்தில் ஓட்டும் இளம் டிரைவர் என்றால் அவருடைய பயிற்சியாளரோ அனுபவமுள்ள ஒருவரோ அருகில் இருக்கட்டும்.

குற்றச்சாட்டை எழுதும் இடத்தில்தான் எல்லாம் தோற்கிறது

மேல்முறையீட்டில் கவிழும் வழக்குகளில் பெரும்பாலும் ஓட்டை இங்கேதான் இருக்கும். ‘கவனக்குறைவாக ஓட்டி இடைஞ்சல் செய்தீர்கள்’ என்று மட்டும் வாசித்தால், எதற்குப் பதில் சொல்வது என்று டிரைவருக்கே தெரியாது. எங்கே, என்ன செய்தார், எதைச் செய்திருக்க வேண்டும், அதன் விளைவு என்ன: நான்கும் இருக்க வேண்டும். ஒரு கற்பனை ரேஸை வைத்து இப்படி எழுதலாம்:

“விதி 163(1)-இன் கீழ் குற்றச்சாட்டு. நான்காம் ரேஸில் 5ஆம் எண் குதிரையை ஓட்டிய நீங்கள், சுமார் 400 மீட்டர் மீதமிருந்தபோது, உங்கள் உள்பக்கம் ஓடிய 8ஆம் எண்ணைப் போதிய அளவு தாண்டாமலேயே உள்நோக்கி நகர்ந்தீர்கள். தாண்டும்வரை உங்கள் தடத்திலேயே இருந்திருக்க வேண்டும். உங்கள் உள்பக்கச் சக்கரத்தில் 8ஆம் எண்ணின் முன்னங்கால் தட்டி அது நடை தப்பியது; பின்னால் வந்த 2ஆம் எண்ணை அதன் டிரைவர் இழுத்துப் பிடிக்க நேர்ந்தது.”

வாசித்த பிறகு ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள், சாட்சி கொண்டுவர வேண்டும் என்றால் ஒத்திவையுங்கள். மறுத்தால் அவர் தரப்பை முழுதாகக் கேட்டுவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பி முடிவெடுங்கள். நிரூபண அளவு கிரிமினல் வழக்கின் அளவல்ல, சாத்தியக்கூறின் சமநிலைதான், அதாவது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும். ஆனால் 1938-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பிரிகின்ஷா வழக்கில் சொன்னது இங்கேயும் செல்லும்: குற்றச்சாட்டு எவ்வளவு கனமோ, ஆதாரம் அவ்வளவு திடமாக இருக்க வேண்டும். சக்கரம் தொட்ட வழக்குக்குப் போதுமான ஆதாரம், குதிரையை வேண்டுமென்றே அடக்கினார் என்ற வழக்குக்குப் போதாது.

குற்றம் உறுதியானதைச் சொல்லிவிட்டு அங்கேயே தண்டனையையும் அறிவித்துவிடாதீர்கள். இடையில் இன்னொரு கட்டம் இருக்கிறது: தண்டனையைப் பற்றி அவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று கேட்பது. அதைத் தாண்டிக் குதித்தால், நல்ல முடிவையும் நடைமுறைக் காரணத்துக்காக இழப்பீர்கள்.

149(1): இதை அன்றிரவே முடிக்க நினைக்காதீர்கள்

அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை பின்தங்கினால் கூட்டம் கத்தும். கத்தல் ஆதாரமல்ல. 1983-இல் நியூ சவுத் வேல்ஸில் ஒரு ஜாக்கியின் மேல்முறையீட்டில் நீதிபதி கோரன் வகுத்த அளவுகோலை ஹார்னஸ் தீர்ப்பாயங்களும் எடுத்தாள்கின்றன. வெறும் கணிப்புப் பிழை குற்றமாகாது. அதே சமயம், நல்லெண்ணத்தோடுதான் செய்தேன் என்பது மட்டும் தப்பவிடாது. வெளியிலிருந்து பார்க்கும்போது நியாயமாக எடுத்திருக்க வேண்டிய நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்பதே கேள்வி.

ஆகவே ஒத்திவைத்து, அடுத்த சில நாட்களில் ஒன்றொன்றாகப் பாருங்கள். கடைசி மைலின் நான்கு கால்பகுதி நேரங்கள் (ஒவ்வொன்றும் சுமார் 402 மீட்டர்). முன்னால் போனவர் இரண்டாம் கால்பகுதியை மெல்ல ஓட்டியபோது இவர் நகர இடமிருந்ததா? வெளித்தடம் காலியாக இருந்தும் கம்பியோரமே அடைபட்டுக் கிடந்தாரா? முன்னால் ஓடும் குதிரைக்கு வெளிப்பக்கமாக உள்ள ‘டெத் சீட்’ என்ற இடத்தில், காற்றை மறைக்க எதிரே ஒரு குதிரையும் இல்லாமல் நீண்ட தூரம் போனதால்தான் தளர்ந்ததா? அதற்காக டிரைவரைக் குறை சொல்ல முடியாது. நேர்ப்பாதையில் சவுக்கு எடுத்தாரா, வாரை அசைத்தாரா, குதிரையின் காது அடைப்பானை இழுத்துவிட்டாரா? இந்த அடைப்பான் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வழக்கமாக இழுத்துவிடும் டிரைவர் அன்று மட்டும் இழுக்கவில்லை என்றால் அதற்குப் பதில் வேண்டும். ஓட்டத் திட்டம் மாறப்போவதாக ரேஸுக்கு முன் ஸ்டூவர்டுகளிடம் தெரிவித்தார்களா, பந்தயப் பணம் எந்தப் பக்கம் போனது, மருத்துவர் இதயத் துடிப்பில் ஏதாவது கண்டாரா என்பவையும் கோப்பில் சேரட்டும். அதே டிரைவர் அதே குதிரையை ஓட்டிய முந்தைய மூன்று நான்கு ரேஸ்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது பல நேரம் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும்.

சவுக்கு

மணிக்கட்டால் மட்டும், இரண்டு கையிலும் வார் இருக்க, நுனி முன்னோக்கியிருக்க, தோள் அசையாமல் தட்டலாம். அவ்வளவுதான் அனுமதி. 2016 டிசம்பரில், அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சவுக்கே கூடாது என்று அறிவித்தார்கள்; அது அமலாகாமல் போய் இந்தக் கட்டுப்பாடு நிலைத்தது. வழக்கு எளிது: வீடியோவில் எண்ணுங்கள், தோள் எழும்பியதைச் சட்டகத்தோடு குறியுங்கள். வென்ற டிரைவரை விட்டு ஐந்தாவதாக வந்தவரை மட்டும் பிடிப்பதுதான் இதில் அதிகம் கேட்கப்படும் புகார். நியாயமான புகாரும்கூட. எல்லோரையும் ஒரே மாதிரி எண்ணுங்கள்.

தண்டனையைக் கணக்கிடுவது

மாநில அமைப்பின் வழிகாட்டுப் பட்டியலில் உள்ள தொடக்கப் புள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள். முறையைக் காட்ட ஓர் எண்: தொடக்கம் 28 நாள் ஓட்டத் தடை என்று வையுங்கள். குதிரை நடை தப்பி இரண்டாவது குதிரையும் பாதித்ததால் 32. ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டதற்குக் கால் பங்கு குறைத்தால் 24. சமீபத்தில் இதே விதியில் தண்டனை இல்லையென்றால் இன்னும் சில நாள் குறையலாம். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், பதிவும் ஆகட்டும்.

நாள் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. வாரத்துக்கு 25 ரேஸ் ஓட்டுபவருக்கும் இரண்டே ரேஸ் ஓட்டுபவருக்கும் 21 நாள் ஒன்றல்ல. முந்தையவருக்கு அது பெரும் வருமான இழப்பு. பிந்தையவருக்கு கிட்டத்தட்ட விடுமுறை. எத்தனை ரேஸ் இழப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எடைபோடுங்கள். பெரிய ரேஸ் வருகிறது என்பதற்காக மட்டும் குறைக்காதீர்கள்.

சஸ்பென்ஷனும் டிஸ்குவாலிஃபிகேஷனும் ஒன்றல்ல என்பதை டிரைவரிடம் விளக்கியாக வேண்டும். முன்னதில் ரேஸ் ஓட்டுவது மட்டும் நிற்கும். பயிற்சி உரிமம் தனியே இருந்தால் அது தொடரும். பின்னதில் மைதானத்துக்குள்ளேயே நுழைய முடியாது, பயிற்சி லாயங்களுக்கும் போக முடியாது. கவனக்குறைவு வழக்குகளில் பின்னதை எடுக்க வேண்டி வராது.

முடிவை எழுத்தில் கொடுக்கும்போது தடை எந்த நள்ளிரவில் தொடங்கி எந்த நள்ளிரவில் முடிகிறது, முன்பே ஒப்புக்கொண்ட ரேஸ்களை ஓட்டலாமா, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள், எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள். விக்டோரியாவில் 2019 முதல் விக்டோரியன் ரேசிங் டிரிப்யூனல். கடுமையான குற்றங்கள் அங்கே நேரடியாகவே போகும். நியூ சவுத் வேல்ஸில் ரேசிங் அப்பீல்ஸ் டிரிப்யூனல். மேல்முறையீடு செய்தால் மட்டும் தடை தானாக நின்றுவிடாது; நிறுத்திவைக்கத் தனியே மனு போட வேண்டும். பல டிரைவர்கள் இதை அறியாமல் அடுத்த வாரம் பெயர் கொடுத்துவிட்டு, புதிதாக ஒரு குற்றச்சாட்டோடு அதே அறைக்குத் திரும்பி வருகிறார்கள்.