மேக்கில் ஒளிந்திருந்த ஒரு டிக்

எங்கள் அலுவலகத்தில் டிசைனுக்கு ஒரு மேக், கணக்குப் பிரிவில் மூன்று விண்டோஸ். மேக்கில் ஃபைல் ஷேரிங் ஆன் செய்தாயிற்று, விண்டோஸில் அதன் பெயரும் தெரிகிறது, ஆனால் பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் தவறு என்கிறது. இரண்டு நாள் இதிலேயே போயிற்று. ஃபயர்வாலை அணைத்தேன், ஒர்க்குரூப் பெயரைச் சரிபார்த்தேன், ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தேன், ஐபி எண்ணை அடித்தும் பார்த்தேன், ம்ஹூம். இன்னொரு மேக் லேப்டாப்பில் அதே பாஸ்வேர்டுக்கு உடனே திறந்தது. அதனாலேயே மேக் மேல் சந்தேகம் வரவில்லை.

கோளாறு அங்கேதான். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் போய், ஃபைல் ஷேரிங் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஐ’யை அழுத்தி ஆப்ஷன்ஸைத் திறந்தால், அடியில் விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்று பயனர் பெயர்கள் தனியாக வருகின்றன. நம் பெயருக்கு டிக் போட்டு அங்கே இன்னொரு முறை பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸுக்காக மேக் அதை வேறு விதமாகச் சேமிக்கிறது. மெயின் சுவிட்ச் ஆன் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள்.

இரண்டு கணினிகள் திறந்தன, மூன்றாவது மட்டும் அடம். பழைய மேக்கின் பெயரையே புதியதற்கும் வைத்திருந்தோம். அந்தப் பழைய மேக்கின் பாஸ்வேர்டு, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அழித்தேன், திறந்தது. அப்பாடா.