குரூட்ஸ் மூன்றாம் பாகத்தை நாமே யோசிப்பது எப்படி

லீவு நாளில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் பிள்ளைகளோடு இருந்து யோசித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. குரூட்ஸ் என்பது ஆதிகாலக் குகைக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் கார்ட்டூன் படம், முதலில் பழைய இரண்டு பாகங்களையும் ஞாபகப்படுத்த வேண்டும். 2013இல் வந்ததில் புதுசு என்றாலே பயப்படும் அப்பா குரக், குகை இடிந்ததால் வெளியே வருகிறார். 2020இல் வந்ததில் மதில் கட்டி வசதியாக வாழும் பெட்டர்மேன் குடும்பத்தைச் சந்திக்கிறார்கள், அங்கே வாழைப்பழம் தின்னாதே என்ற தடையை குரக் மீற, கதையே புரள்கிறது.

ஆகவே அப்பாவுக்குப் புதுசாக ஒரு பயம் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். என் மருமகன் சொன்னது இது: குடும்பம் ஒரு வாவிக்கரைக்கு வருகிறது, பௌர்ணமி இரவில் தண்ணிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கிறது, குரக் எல்லாரையும் மரத்தில் ஏற்றிவிட்டுக் காவல் இருக்க, அவரது மாமியார்க் கிழவி மட்டும் மெல்ல இறங்கிப்போய்த் துடுப்பைத் தண்ணியில் விட்டு மறுமுனையில் காதை வைக்கிறாள். மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லும் நம்ம பாடுமீன்தான், வேறென்ன!

விலங்குகளுக்கு அந்தப் படங்களில் போல இரண்டைக் கலந்தால் போதும், முதலையும் கொக்கும் சேர்ந்த ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. வில்லன் தேவையில்லை. முடிவை மட்டும் சின்னவர்களிடம் விடுங்கள், எங்கள் வீட்டில் குரக் மீனோடு சேர்ந்து பாடி ஊரையே எழுப்பிவிட்டார்.