சீனிக்குப் பதிலாப் போடுற குளிசை: நான் விட்ட பிழைய நீங்களும் விடாதீங்க

போன கிழமை கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு வாங்குல குந்தி இருக்கக்குள்ள பக்கத்துல ஒரு தங்கச்சி. சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சு ரெண்டு மாசம்தானாம். "அக்கா, சீனிக்குளிசை கேன்சராம், நான் அதத் தொடுறல்ல, தேத்தண்ணிக்குத் தேன்தான் விடுறன்" எண்டு சொல்லிட்டு சிரிக்கா. எனக்கு சிரிப்பு வரல்ல, வயிறுதான் எரிஞ்சது. ஏனெண்டா அதே கதைய, அதே சிரிப்போட, 2023ல என்ட புருசனுக்குச் சொன்ன ஆள் நான்.

எனக்கு 15 வருசமா சீனி. அளவாப் போடுங்க, ஈரக்கையால போத்தலத் திறக்காதீங்க எண்டதெல்லாம் பெட்டியிலயே எழுதிக் கிடக்கு, அத விடுவம்.

கேன்சர் எண்டு கேட்டவுடனே தேனுக்கும் சக்கரைக்கட்டிக்கும் (வெல்லம்) மாறுறது

2023 ஜூலை மாசம் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி ஓடிச்சு, சீனிக்குளிசையில கிடக்கிற அஸ்பார்டேம் எண்ட இனிப்பு கேன்சர வரவைக்கும் எண்டு உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிட்டாம் எண்டு. நான் வாசிச்சது அவ்வளவுதான், கீழ போய் முழுசாப் பாக்கல்ல, போத்தலோட தூக்கிக் குப்பையில போட்டன். வாகரைப் பக்கத்துல இருந்து ஒரு சொந்தக்காரர் சாராயப் போத்தல்ல காட்டுத்தேன் கொண்டந்து தந்தார். மீன்பாடும் தேனாடு எண்டுற மட்டக்களப்புல பிறந்துட்டுத் தேனப் பிழை சொல்லுறதா? நாளைக்கு அஞ்சு தேத்தண்ணி, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு கரண்டி. தேன் முடிஞ்சா சக்கரைக்கட்டியக் கடிச்சுக்கொண்டு பிளேன்ரீ. இயற்கைதானே, உடம்புக்கு நல்லம், அதுல இரும்புச்சத்தும் கிடக்கு எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூணு மாசம் ராசாத்தி மாதிரி இருந்தன்.

மறுகா ரத்தம் சோதிச்சாங்க. ரத்தச் சீனியின்ட மூணு மாசச் சராசரி (HbA1c) 7.1ல இருந்தது 9.6க்கு ஏறிட்டு. டொக்டர் என்ன சாப்பிடுறீங்க எண்டு கேக்க, "ஒண்டும் இல்ல டொக்டர், தேன் மட்டும்தான்" எண்டன். மனிசன் பேனைய வச்சிட்டு என்னையே பாத்தார். சீனி வருத்தத்துக்கு எடுக்கிற மருந்துக் குளிசை ஒண்டு கூடிச்சு. அதோட விட்டிருந்தாலும் பரவால்ல, புதுச் செருப்பு உரசி வந்த ஒரு சின்னக் கொப்புளம் ஆற ரெண்டு மாசம் போச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட கல்லடியில இருந்து ஆட்டோ, அந்தக் காசக் கணக்குப் பாத்தா எத்தனை போத்தல் சீனிக்குளிசை வாங்கியிருக்கலாம்.

கணக்குத் தெரியாததுதான் என்ட பிழை. ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். அதே கரண்டியில தேன் எடுத்தா 7 கிராம் வரும், அதுல நூத்துக்கு 80 பங்கு சீனிதான், மிச்சம் முக்காவாசி தண்ணி. அப்ப கரண்டிக்குக் கரண்டி பாத்தா தேன்ல சீனி கூட! பத்துக் கரண்டியில 55 கிராமுக்குக் குறையாது. சக்கரையும் கித்துள் பாணியும் அதே சாதிதான். இரும்புச்சத்து வேணுமெண்டா முருங்கை இலை சுண்டுங்க, அதுக்கு ஏன் சக்கரைக்கட்டி?

அந்தச் செய்தியில நான் வாசிக்காம விட்டது என்ன எண்டா, ஐ.ஏ.ஆர்.சி எண்ட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அஸ்பார்டேம 2பி பட்டியல்ல போட்டது. அந்தப் பட்டியல் சொல்லுறது சாட்சி எவ்வளவு பலமா இருக்கு எண்டத, எத்தனை பேருக்கு வரும் எண்டத இல்ல. 2பி எண்டா சாட்சி கொஞ்சம்தான் இருக்கு, முடிவு சொல்ல ஏலாது எண்ட மாதிரி. அதே 2பியில கத்தாழை முழு இலைச் சாறும் இருக்கு. கேன்சர வரவைக்கும் எண்டு உறுதியாத் தெரிஞ்ச முதலாம் பட்டியல்ல மதுபானம் இருக்கு, அதுக்கு ஒருத்தரும் வாட்ஸ்அப் அனுப்புறல்ல! அதே நாள், ஜூலை 14, உணவுல சேர்க்கிற பொருள்களப் பாக்கிற மற்றக் குழு, ஜெக்ஃபா எண்டுவாங்க, பழைய அளவ மாத்தத் தேவையில்ல எண்டு சொன்னது: ஒரு கிலோ உடம்பு நிறைக்கு நாளைக்கு 40 மில்லிகிராம். நான் 60 கிலோ, அப்ப 2400 மில்லிகிராம். ஒரு குளிசையில 20 மில்லிகிராம் எண்டு வச்சாலும் 120 குளிசை. நான் போடுறது ஆறு ஏழு.

சக்கரின் எண்ட பழைய இனிப்புக்கும் ஒருக்கா இந்தக் கூத்து நடந்தது. எலிக்கு சிறுநீர்ப்பையில கேன்சர் வந்துட்டு எண்டு 1977ல அமெரிக்காவில தடை செய்யப் பாத்தாங்க, மறுகா அது எலியின்ட உடம்புக்குள்ள நடக்கிற கதை, மனிசருக்கு அப்பிடி இல்ல எண்டு விளங்கி 2000ல அந்த நாட்டுப் புற்றுநோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க.

அதுக்காக இதெல்லாம் அமிர்தம் எண்டு சொல்ல வரல்ல. எரித்ரிட்டோல் எண்டு ஒண்டு, ஸ்டீவியாப் பக்கெட்டுகள்ல கலந்து வரும், அது ரத்தத்துல கூட இருந்த ஆக்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் கூடவாம் எண்டு 2023ல அமெரிக்க ஆய்வொண்டு சொல்லிச்சு. அதாலதான் வந்தது எண்டு நிரூபிக்கல்ல. எண்டாலும் எனக்குப் பிரஷர் குளிசையும் கிடக்கு, நான் அதத் தொடுறல்ல.

ரத்தத்துல சீனி இறங்கி நடுங்கக்குள்ள சீனிக்குளிசை குடுக்கிறது

இது பயங்கரம். களுவாஞ்சிக்குடியில எங்கட மாமா, இன்சுலின் ஏத்துற ஆள், பின்னேரம் வேர்த்து ஒழுகி, கை நடுங்கி, பேச்சும் குழறுது. மாமி பாவம், ஓடிப்போய் இனிப்பாத் தேத்தண்ணி ஊத்தி நாலு சீனிக்குளிசை போட்டுக் குடுத்திருக்கா. வீட்டுல சீனியே வாங்குறல்லயாம், அவ்வளவு கவனம்! நாக்குக்கு இனிச்சாலும் ரத்தத்துக்கு ஒரு பொட்டும் ஏறாது. பக்கத்து வீட்டுப் பொடியன் சோடாப் போத்தலோட வந்தபடியாத் தப்பினார், நல்லவேளை அது டயட் இல்ல.

ரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழ இறங்கினா மூணு நாலு தேக்கரண்டி நிசச் சீனியத் தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிசத்தால திரும்பப் பாருங்க, ஏறல்ல எண்டா இன்னொருக்கா. மயங்கின ஆளுக்கு வாயில ஒண்டும் ஊத்தாதீங்க, 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. இன்சுலின், கிளிக்லசைட் மாதிரி மருந்து எடுக்கிற ஆள் இருக்கிற வீட்டுல ஒரு பேணி சீனி கட்டாயம் கிடக்கணும்.

சுகர் ஃப்ரீ எண்டா ஒண்டுமில்ல எண்டு நினைக்கிறது

பிஸ்கட்டுல சீனி இல்லாட்டியும் கோதுமை மா இருக்குதானே, அதுவும் வயித்துக்குள்ள போய்ச் சீனியாத்தான் மாறும். சுகர் ஃப்ரீ சொக்லேட்டுல அனேகமா மால்டிட்டோல் எண்ட இனிப்புப் போடுவாங்க, அது ரத்தத்துல கொஞ்சம் ஏத்தும், கூடச் சாப்பிட்டா வயித்தால போகும். கொழும்பு பஸ்ல அரைப் பக்கெட் திண்டுட்டு ஏறி, பொலன்னறுவை தாண்டுறதுக்குள்ள நான் பட்ட பாட்ட இங்க எழுத ஏலாது.

பாயாசத்துல போட்டுக் கொதிக்க விடுறது

அஸ்பார்டேம் சூட்டுல உடைஞ்சு இனிப்புப் போயிரும். இறக்கி வச்சிட்டுப் போடுங்க.

மெலியிறதுக்கு எண்டு போடுறது

சீனி வருத்தம் இல்லாத ஆக்கள் நிறை குறைக்க இத நம்ப வேணாம் எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாசம் சொன்னது, நீண்ட காலத்துல கொழுப்புக் குறைஞ்ச மாதிரித் தெரியல்லையாம். ஏற்கனவே சீனி வருத்தம் உள்ள எங்களுக்கு அந்தச் சொல்லு இல்ல, அதையும் சேத்து வாசிங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிள, ரெண்டு குளிசை போட்ட தேத்தண்ணியோட நாலு வாய்ப்பன் சாப்பிடுறா.

பேர் பாக்காம வாங்குறது

ஃபீனைல்கீட்டோனூரியா எண்டு பிறவியிலயே வாற ஒரு நோய் இருக்கு, அந்தப் பிள்ளைகளுக்கு அஸ்பார்டேம் ஆகாது. லேபல்ல போட்டிருப்பாங்க.

நாய்க்குப் போடுறது

சைலிட்டோல் எண்ட இனிப்புப் போட்ட சுவிங்கம் நாயக் கொல்லக்கூடும்.

தயிருக்கு என்ன போடுற?

எல்லாரும் கடைசியா இதத்தான் கேப்பாங்க. அந்தத் தங்கச்சியும் கேட்டா, என்ட நம்பரக் கூப்பிட்டு நான் எழும்பி நடக்கக்குள்ளயும் பின்னால இருந்து கேட்டா. எருமைத் தயிருக்கு ஒண்டும் போடாமச் சாப்பிட்டுப் பழகு எண்டு சொல்லிட்டு உள்ள போனன். நான் ரெண்டு குளிசைய நசிச்சுப் போட்டுத்தான் சாப்பிடுற.