30-30 துப்பாக்கிக்கு எந்தக் குண்டு?

அமெரிக்காவில் 1895 முதல் புழங்கும் 30-30 வின்செஸ்டர் தோட்டாவோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், எடைக்கு முன்னால் குண்டின் மூக்கைப் பாருங்கள். இந்தத் தோட்டாவைப் பெரும்பாலும் சுடும் லீவர் துப்பாக்கியின் (கைநெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றுவது) குழாய் மேகசினில், அதாவது தோட்டா நிரப்பும் குழாயில், தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்றின் முனை அடுத்ததன் பிரைமரில் (அடித்தால் தீப்பற்றும் பின்பக்கச் சிறு மூடி) முட்டிக்கொண்டிருக்கும். கெட்டியான கூர்முனை என்றால், சுடும்போது வரும் உதைப்பில் அது பிரைமரைக் குத்தி, தோட்டா மேகசின் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டை மூக்குக் குண்டே வாங்குங்கள். கூர்முனைதான் வேண்டுமென்றால், ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவல்யூஷன் ரகத்தில் முனை ரப்பர்போல நெகிழும், அது பரவாயில்லை.

எடையா? கிரெய்ன் என்பதுதான் குண்டின் எடை அலகு. 150 கிரெய்னோ 170 கிரெய்னோ, மானுக்கு இரண்டுமே போதும். இதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது வீண். உங்கள் துப்பாக்கி எதை இலக்கில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அடிக்கிறதோ, அதை எடுங்கள். தட்டை மூக்கு சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால், 150 கெஜத்துக்குள் கிட்டப் போய்ச் சுடுங்கள்.